அபாவ அளவையும் கணிப்பொறித் தேடலும்

‘இன்ன சொல் இன்ன நூலில் யாண்டும் இல்லை, கணிப்பொறியில் தேடியாயிற்று’ என்று துணிந்தெழுதும் வழக்கம் இந்நாளில் மிகுந்து வருகின்றது. அத்துணிபு ஆராயற்பாலது. காணாமை கொண்டு இன்மை துணிதல் அபாவ அளவையின்பாற்படும். சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதியும் அதனை எண்ணிக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிற்று. ஆயின், காணத் தக்கது காணப்படாவழியே அது செல்லும். இருளறையிற் குடத்தைக் காணாதான் ‘குடம் இல்லை’ என்றல் அளவையாகாது.

கணிப்பொறி எழுத்தின் வடிவை நோக்குவதன்று; எழுத்துக்கு அமைந்த எண்ணையே நோக்குவது. ‘ஸ்ரீகண்டர்’ என்னும் பெயரை எடுத்துக் கொள்க. யூனிகோடு முறையில் ஶகரம் தனியிடம் பெற்றது 2005-இல். அதற்கு முன் ஸகர மெய்யும் ரீகாரமும் கூட்டியே ‘ஸ்ரீ’ பதியப்பட்டது. பின்னர் ஶகர மெய்யைக் கூட்டிப் பதிதலும் வழக்காயிற்று. திரையிற் காண்பார்க்கு இரண்டும் ஓருருவே. பொறிக்கோ இருவேறு சொற்கள். ஒன்றை இட்டுத் தேடுவார்க்கு மற்றது அகப்படாது.

அற்றேல், யூனிகோடு வகுத்த சமனாக்க முறை இக்குறையை நீக்காதோ எனின், நீக்காது. ஒகரக் குறியை ஒன்றாகப் பதிந்ததும், எகரக் கொம்பும் காலுமாகப் பிரித்துப் பதிந்ததும் அம்முறையால் ஒன்றாம். ஸகரமும் ஶகரமும் வேறெழுத்தாகலின் ‘ஸ்ரீ’ இரண்டாகவே நிற்கும்.

இதனினும் கொடியதொன்று உண்டு. கிரந்த எழுத்து யூனிகோடில் இடம்பெற்றது 2014-இல். யுடிஎஃப்-8 முறையில் தமிழெழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டுக் கொள்ள, கிரந்த எழுத்து நான்கு கொள்ளும். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் ‘யுடிஎஃப்8’ என்றே பெயர் பெற்ற பழைய அமைப்போ மூன்று பைட்டுக்கு மேல் ஏலாது. கண்டிப்பு நிலை அமையாத இடத்து, ஆகம வாக்கியத்தைக் கிரந்தத்தில் எடுத்தாளும் உரைப்பகுதியொன்றை அதனுள் இட்டால், முதற் கிரந்த எழுத்தோடு எஞ்சிய தமிழுரை முழுதும் அறுபட்டொழியும். செல்லரித்த ஏடாயின் துளையேனும் தோன்றும். ஈண்டு அதுவும் தோன்றாது! நான்கு பைட்டும் ஏற்கும் அமைப்பு 2010-இலேயே வந்தும், பழைய தளங்களைப் புதுக்காது விடுதல் பதிப்பாளர் குற்றமே.

கிரந்தத்தைத் தமிழெழுத்தாக்கிப் பதிந்தால் தொல்லையில்லை என்பாரும் உளர். ககர வருக்கம் நான்கும் ஒன்றாயபின் மூலத்தை மீட்பது யாங்ஙனம்?

மூலப் பதிவை உள்ளவாறே ஒரு புலத்திற் காத்துத் தேடலுக்கென வடிவங்களை ஒன்றாக்கிய படியொன்றை வேறு புலத்தில் வைத்தலே தக்கது. எவ்வெவ் வடிவங்கள் ஒன்றாக்கப்பட்டன என்பதும் முகவுரையில் வரைதல் வேண்டும். ‘இல்லை’ என்பார் தாம் தேடிய வடிவங்களையும் உடன் காட்டுக.