ஏழு தசமமும் ஒன்பது தசமமும்

கடித்துக் கடித்துச் சதையோடு ஒட்டிப்போன நகங்கள். பருத் தழும்புகளால் குழி விழுந்த முகம். வாசற்படியில் குனிந்து நுழையவேண்டிய உயரம், அகலமான கைகள். ராட் கோர்கா இப்படித்தான் இருக்கிறான். ஆணை ஆண் விரும்பும் கதைகளில் காதலனுக்குப் பளிங்குத் தோலும் பட்டு முடியும் கொடுத்துவிடுவது வழக்கம். ஒரு கூலியாளின் தேய்ந்த கைகளை, இன்னொரு ஆணின் ஆசை முழுவதும் போய்த் தங்கும் இடமாக ஆக்கிக் காட்டியவர் சாமுவேல் ஆர். டிலேனி. 1942இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பின எழுத்தாளர். நாவலின் பெயர் ‘ஸ்டார்ஸ் இன் மை பாக்கெட் லைக் கிரெய்ன்ஸ் ஆஃப் சாண்ட்’. என் பையில் மணலைப்போல் விண்மீன்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியான ஆண்டு 1984.

நாவலின் முன்பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். ரயோனான் என்ற கிரகத்தில் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், யாருக்கும் வேண்டாதவன், ஒரு நிறுவனத்துக்குப் போகிறான். மூளையில் ஒரு சிகிச்சை செய்வோம், கவலை போய்விடும், ஆனால் நீ அடிமை ஆகிவிடுவாய் என்கிறார்கள். சரி என்கிறான். இருட்டு தொடங்குவது அந்தச் ‘சரி’யில்தான். சாட்டை இல்லை, ஆட்களைப் பிடித்துப்போகும் கப்பல் இல்லை. மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து, கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். அந்தச் சிகிச்சையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்தால் எலி என்ற சொல் வரும். அப்படித்தான் அவன் பெயரில் ‘ராட்’ ஒட்டிக்கொண்டது.

அதன்பின் வரும் பக்கங்களில் டிலேனியின் வாக்கியங்கள் உணர்ச்சி வடிந்துபோய் நிற்கின்றன. அவன் நடந்தான், தூக்கினான், யாரோ அடித்தார்கள், மறுநாள் வந்தது. வலி என்ற சொல் வரவேண்டிய இடத்தில் அது வருவதில்லை. வாசிக்கிற நமக்குத்தான் வலிக்கிறது.

பிறகு ஒரு பெண் சட்டத்துக்குப் புறம்பாக அவனை விலைக்கு வாங்குகிறாள். தன் ஆசைக்காக வாங்கியவள்தான். ஆனால் அவன் கையில் ஒரு கையுறையை மாட்டுகிறாள். சிகிச்சை அறுத்துப்போட்ட இணைப்புகளை அது ஈடுகட்டுகிறது. பாலைவனத்தில் உட்கார்ந்தபடி அவன் புத்தகம் புத்தகமாக உள்வாங்குகிறான். அதுவரை எழுத்தே தீண்டாத மனதுக்குள் ஓர் உலகத்தின் இலக்கியம் புகுகிறது. அவளை நல்லவள் என்று சொல்ல முடியவில்லை. அவள் தந்ததைப் பறித்துப் போடவும் மனம் வரவில்லை. சமமில்லாத உறவின் சிக்கலை இவ்வளவு கூர்மையாகத் தொட்ட பக்கங்கள் இந்த வகை எழுத்தில் குறைவு. அதிகாரிகள் வருகிறார்கள், கையுறை போகிறது, அவன் மறுபடி வேலைக்குத் திரும்புகிறான்.

அடுத்து ரயோனான் எரிந்து சாம்பலாகிறது. ஆழத்தில் இருந்ததால் கோர்கா ஒருவன் மட்டும் பிழைக்கிறான்.

இனி கதையைச் சொல்பவன் மார்க் டையத். கிரகம் கிரகமாகப் போய்வரும் தூதன். வெல்ம் என்ற உலகில் ஏழு தலைமுறையாகப் பேர்பெற்ற குடும்பம் அவனுடையது. குடும்பத்தை ‘ஓடை’ என்கிறார்கள். ரத்தத்தால் அல்ல, தத்தெடுப்பால் ஓடும் ஓடை. பல நாக்குகள் கொண்ட எவெல்மி என்னும் உயிரினத்தாரும் அதில் தாய்மார்களாக, உடன்பிறந்தவர்களாக இருக்கிறார்கள். உலகங்களுக்கிடையே தகவலை ஆள்வது ‘வலை’ என்ற அமைப்பு. அதைச் சேர்ந்த ஒருத்தி மார்க்கிடம் வந்து கணக்குச் சொல்கிறாள்: கோர்கா உன் ஆசைக்கு ஏழு தசமத் துல்லியத்தில் பொருந்துகிறான், நீயோ அவன் ஆசைக்கு ஒன்பது தசமம் வரை பொருந்துகிறாய்.

இந்தக் கணக்கை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். ஒருவனிடம் வீடு, பரம்பரை, பதவி, சொற்கள். மற்றவனிடம் ஓர் உலகமே இல்லை. ஆனாலும் ஆசையின் தராசில் இல்லாதவன் பக்கமே துல்லியம் கூடுதல். இருவரையும் எடை போட்டவர்களோ மூன்றாம் ஆட்கள். சங்கிலியை நகைபோல அணிவித்துக் கிளர்ச்சியூட்டும் கதைகள் ஏராளம். டிலேனி சங்கிலியைக் காதலர்களுக்கு நடுவே போடவில்லை. யாருக்கு எது தெரியலாம், யார் தெரியவிடலாம் என்பதில் போட்டார். கதை சொல்லும் முறையிலும் அது இருக்கிறது. மார்க்குக்கு ‘நான்’ உண்டு. கோர்காவுக்கு நாவல் முழுவதும் அந்தச் சொல்லில் ஒரு பக்கம்கூடக் கதை சொல்லக் கிடைக்கவில்லை.

கோர்காவின் விரல்களில் இப்போது மோதிரங்கள். கையுறை செய்த வேலையை இனி அவை செய்யும். ஒருகாலத்தில் உலகங்களை நடுங்கவைத்த வொண்ட்ராமாக் ஓக் என்ற கொடுங்கோலி அணிந்தவை. அடிமையின் விரலில் கொடுங்கோலியின் மோதிரம்! இந்த ஒரு படிமத்தை வைத்தே வேறொருவர் தனி நாவல் எழுதியிருப்பார்.

மொழியிலும் ஒரு காரியம் செய்திருக்கிறார். மார்க்கின் பேச்சில் அறிவுள்ள உயிர் எதுவானாலும் ‘அவள்’தான், உடல் எதுவாக இருந்தாலும் சரி. ஆசையின் கணத்தில், ஆசைக்குரியவரைச் சொல்லும்போது மட்டும் ‘அவன்’. ஆகவே மார்க் கோர்காவை ‘அவன்’ என்னும் ஒவ்வொரு முறையும் அது ஒரு தொடுகை. தமிழில் இதை எப்படிக் கொண்டுவருவது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். வேலையாளையும் அவன் என்கிறோம். காதலனையும் அவன் என்கிறோம். கோயிலில் நிற்கும்போது கடவுளையும் அவன் என்றே சொல்கிறோம். தாழ்வும் நெருக்கமும் வணக்கமும் நம்மிடம் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. இந்த நாவலுக்கு நம் மொழியில் ஓர் இடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த பகுதி டிராகன் வேட்டை. வெல்மில் வேட்டை என்றால் கொல்வதல்ல. வில்லால் எய்தால், எய்தவரின் உணர்வு சில கணங்கள் அந்த மிருகத்தின் உடலில் போய் அமர்கிறது. அதன் சிறகு அவருடைய சிறகாகிவிடுகிறது. உடம்பை மட்டும் மற்றவர்கள் பயன்படுத்தத் தந்து வாழ்ந்த கோர்கா இங்கே வில்லை எடுத்து, இன்னொரு உடம்பாகவே ஆகி, அதைச் சேதமில்லாமல் விட்டுத் திரும்புகிறான். ஆயுதத்தை ஏந்தியவன் இரையாகி மீளும் இந்தப் பக்கங்களில், இரு ஆண்களுக்கும் இடையிலிருந்த ஏற்றத்தாழ்வு ஒரு பகல்பொழுதுக்கு எங்கோ போய்விடுகிறது.

பின்பகுதியில் வரும் பெரிய விருந்து நீளம் அதிகம்தான். முறைமைகளும் விருந்தாளிகளுமாக அது இழுக்கும்போது, இந்த இருவரையும் தனியே விடுங்களேன் என்று கேட்கத் தோன்றும். ஆனால் விடமாட்டார்கள் என்பதுதான் அங்கே நடப்பது. அழிந்த உலகிலிருந்து தப்பிய ஒரே மனிதனைப் பார்க்கக் கூட்டம் திரள்கிறது. வெல்முக்கே ஆபத்து என்று கருதி ‘வலை’ கோர்காவைக் கொண்டுபோய்விடுகிறது. சேர்த்துவைத்த கைகளே பிரிக்கின்றன. வசதியான தூதன் மார்க் அப்போதுதான், தன் ஆசையைப் பற்றி வேறு யாரோ முடிவெடுப்பது எப்படியிருக்கும் என்று அறிகிறான். கோர்கா அறிந்திருந்தது அதை மட்டும்தான்.

இது இரட்டை நாவலின் முதல் பாதி. இரண்டாம் பாதிக்கு டிலேனி பெயர்கூட வைத்துவிட்டார், முடிக்கவில்லை. அந்த இருவரும் மறுபடி சந்தித்தார்களா என்பதற்கு எந்தப் பக்கத்திலும் பதில் கிடையாது. நான் முதல் பகுதிக்கே திரும்பிப் போகிறேன். கையுறை மாட்டுவதற்கு முன், சுமை தூக்கும்போது, ரயோனானில் யாருமே உற்றுப் பார்க்காத அந்தக் கைகள் அங்கே வருகின்றன. இப்போது அவற்றை மார்க்கின் கண்ணால் பார்க்கிறேன்.