கிளென்கெய்ர்ன் கிளாஸ்: பாட்டிலுக்கு முன் வாங்க வேண்டியது

பெங்களூரில் புதிதாக ஸ்காட்ச் பழகுகிறவர் முதலில் கேட்பது, "எந்த பாட்டில் வாங்கலாம்?" என்றுதான். 12 வருடமா 18 வருடமா, பிளெண்டா சிங்கிள் மால்ட்டா என்று எம்.ஆர்.பி. கடை வாசலில் நின்றே செல்போனைத் துழாவுவார். எதில் ஊற்றிக் குடிப்பது என்று மட்டும் கேட்க மாட்டார். வீட்டில் கிடக்கும் ஜூஸ் கிளாஸ், அதுவும் கழுவாமல் கிடந்தால் எவர்சில்வர் டம்ளர். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சரக்கின் வாசனை அங்கேயே காற்றோடு போய்விடும்.

இந்தக் குறைக்கென்றே வந்தது கிளென்கெய்ர்ன் கிளாஸ். கிளாஸ்கோ பக்கத்து ஈஸ்ட் கில்பிரைடில் இருக்கும் கிளென்கெய்ர்ன் கிரிஸ்டல் நிறுவனத்தின் ரேமண்ட் டேவிட்சன் வடிவமைத்தது. ஷெர்ரி ஒயினை முகர்ந்து பார்க்கும் கோபிட்டா கிளாஸை முன்மாதிரியாக வைத்து, விஸ்கி கலக்கும் நிபுணர்களின் யோசனைகளையும் சேர்த்து உருவாக்கினார்கள். 2001-ல் விற்பனைக்கு வந்தது. 2006-ல் புதுமைக்கான பிரிட்டிஷ் ராணி விருதைப் பெற்றது.

கையில் எடுத்ததும்

சுமார் பதினொன்றரை செ.மீ. உயரம். அடி கனமாக இருப்பதால் மேசையில் அசையாமல் நிற்கிறது. வயிறு பெருத்து, கழுத்து ஒடுங்கி, வாய் குறுகியிருக்கும். 30 மி.லி. ஊற்றினால் வயிற்றில் அகலமாகப் பரவும். எழும் ஆவி கழுத்தில் திரண்டு நேரே மூக்குக்கு வரும். வேலை அவ்வளவுதான். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சில சுவைகளை மட்டுமே. ஸ்காட்ச்சில் நாம் காசு கொடுப்பதில் பெரும்பங்கு மூக்கு அறிகிற விஷயங்களுக்கு.

ஓட்டிப் பார்த்ததில்

ஒரே பாட்டிலை மூன்று பாத்திரங்களில் ஊற்றிப் பார்த்தேன். ஜானி வாக்கர் பிளாக் லேபிள் எவர்சில்வர் டம்ளரில் வெறும் ஸ்பிரிட் நெடியாக இருந்தது. பார்களில் தரும் அகலக் கிளாஸில் கொஞ்சம் இனிப்பு தெரிந்தது. கிளென்கெய்ர்னில் முதலில் வெனிலா, பிறகு உலர்திராட்சை, கடைசியாக அணைந்த அடுப்பின் லேசான புகை. கிளென்ஃபிடிக் 12-இல் பேரிக்காய் வாசனை தெளிவாக வந்தது. ஆரம்பிப்பவருக்கு இவை இரண்டும் நல்ல வாசல்கள். லாஃப்ராய்க் போன்ற ஐலா தீவுச் சரக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதன் ஆஸ்பத்திரி வாடையை இந்தக் கிளாஸ் இன்னும் தூக்கிக் காட்டும், புதியவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

உள்ளூர்ச் சோதனைக்கு அம்ருத் ஃப்யூஷன். மைசூர் சாலையில் கும்பளகோட்டில் காய்ச்சுகிறார்கள். அம்ருத் சிங்கிள் மால்ட் 2004-ல் கிளாஸ்கோவில்தான் முதலில் அறிமுகமானது. இந்திய பார்லியோடு பீட் எனும் சதுப்புநிலக் கரியால் புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்த ஃப்யூஷனுக்கு, விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன் 2010 'விஸ்கி பைபிளில்' 97 மதிப்பெண் போட்டு உலகின் மூன்றாம் இடம் கொடுத்தார். ஸ்காட்லாந்தில், ஓக் பீப்பாயில், குறைந்தது மூன்று வருடம் ஊறியதே ஸ்காட்ச் என்பது சட்டம். அதனால் இதற்கு அந்தப் பெயர் கிடையாது. அங்கே பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியானால், பெங்களூரின் வெப்பத்தில் 10 சதவீதத்துக்கும் மேல் போகிறது. இங்கே சில வருடங்களிலேயே சரக்கு முதிர்ந்துவிடுகிறது. லேபிளில் உள்ள வயதை மட்டும் பார்த்துத் தரத்தை எடை போடக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. நிறமும் ஏமாற்றும்; ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்க விதிகளே அனுமதிக்கின்றன.

தண்ணீர், ஐஸ், கல்

ராவாக அடிப்பதே வீரம் என்ற நினைப்பை இந்தக் கிளாஸ் உடனே உடைத்துவிடும். ஃப்யூஷனின் ஆல்கஹால் 50 சதவீதம். ராவாக முகர்ந்தால் மூக்கு எரியும். 30 மி.லி.க்கு ஒன்றரை டீஸ்பூன், அதாவது 7.5 மி.லி. தண்ணீர் விட்டால் 40 சதவீதத்துக்கு இறங்கும். மறைந்திருந்த பழ வாசனை மேலே வரும். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் கணினி மாதிரிகளைக் கொண்டு இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். புகை வாசனை தரும் குவாயக்கால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் செறிவு மிகுந்தால் திரவத்துக்குள் ஆழ்ந்துவிடுகிறது. நீர்த்தால் மேற்பரப்புக்கு வருகிறது. இந்தியாவில் விற்கும் சரக்கு பெரும்பாலும் 42.8 சதவீதம், அதற்கு ஒரு டீஸ்பூன் போதும். போர்வெல் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதன் உப்புச்சுவை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ விடலாம்.

குளிர்ச்சி வாசனையை அடக்கிவிடும் என்பதால் ஐஸ் வேண்டாம். பெங்களூரின் பெரும்பாலான மாலைகளில் அது தேவைப்படுவதும் இல்லை. சென்னை மே மாதத்தில் இதையே என்னால் சொல்ல முடியாது. ஆன்லைனில் விற்கும் விஸ்கி கற்களையும் போட்டுப் பார்த்தேன். ஐஸ் உருகும்போதுதான் வெப்பத்தை நிறைய இழுக்கும். கல் உருகாது, எனவே சரக்கு அவ்வளவாகக் குளிர்வதில்லை. மேலும் கிளாஸின் அடியில் மோதும் சத்தம் பயமுறுத்துகிறது. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

குறைகள்

குறுகிய வாய்க்குள் பெரிய ஐஸ் கட்டி நுழையாது. கையும் நுழையாது; பாட்டில் பிரஷ் இல்லாமல் கழுவ முடியாது, சோப்பு வாடை தங்கினால் அடுத்த ரவுண்டு வீண். கடைசி வாயைக் குடிக்கும்போது விளிம்பு மூக்குத்தண்டில் இடிக்கிறது. அடி தடிமன்தான், ஆனால் வாய்ப்பகுதி மெல்லியது; கூட்டமாக உட்காரும் இடத்தில் முதலில் உடைவது இதுவாகத்தான் இருக்கும். வாயை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் நேரே மண்டையில் ஏறும். உதட்டை லேசாகத் திறந்து, கிளாஸைச் சற்றுத் தள்ளிப் பிடித்து முகர வேண்டும். போலிகளும் ஏராளம்: அசலின் அடியில் கிளென்கெய்ர்ன் பெயர் பொறித்திருக்கும்.

யாருக்கு?

சோடா, கோக் என்று மிக்ஸிங் ஊற்றிக் குடிப்பவருக்கு இது தண்டச்செலவு. உயரமான சாதாரண கிளாஸே அவருக்குச் சரி. வீட்டில் டூலிப் வடிவ ஒயின் கிளாஸ் இருந்தால் அதிலும் முக்கால்வாசிப் பலன் கிடைக்கும், முதலில் அதில் பழகிப் பார்க்கலாம். இந்த இரு வகையிலும் சேராமல், ஸ்காட்ச்சைப் புரிந்துகொள்ள நினைப்பவருக்குத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். 18 வருட பாட்டிலுக்காகச் சேர்த்த பணத்தில் 12 வருடத்தை வாங்கி, மிச்சத்தில் இதில் ஒரு ஜோடி வாங்குங்கள். கூடுதல் லாபமும் உண்டு: முகர்ந்து முகர்ந்து குடிக்கையில் ஒரு ஸ்மாலுக்கே அரை மணி நேரம் ஓடிவிடும், லார்ஜ் கேட்கத் தோன்றாது. ஆனாலும் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். திரும்புவதற்கு ஆட்டோ போதும்.