கெண்டைக்கால் தசை

முழங்காலுக்குக் கீழே, காலின் பின்புறம் திரண்டிருக்கும் கெண்டைக்கால் வெளியிலிருந்து பார்க்க ஒரே தசைபோலத் தெரியும். உள்ளே முக்கியமாக இரண்டு உண்டு. மேலே இருப்பது இரு தலைகள் கொண்ட காஸ்ட்ராக்னீமியஸ். தொடை எலும்பில் புறப்பட்டு முழங்கால், கணுக்கால் என்று இரண்டு மூட்டுகளையும் கடக்கிறது. அதன் அடியில் தட்டையாகக் கிடப்பது சோலியஸ். இரண்டும் கீழே ஒன்றுகூடி, உடலிலேயே தடித்த தசைநாணாகக் குதிகால் எலும்பில் இறங்குகின்றன.

பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கக் குதிகாலைத் தூக்கினால், நரம்பின் கட்டளை வந்த கணமே தசைநாருக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. தடித்த மயோசின் இழைகளின் தலைகள் மெல்லிய ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. இழைகள் குறுகுவதில்லை, ஒன்றையொன்று உரசிச் சறுக்குகின்றன, தசைதான் குறுகுகிறது. 1954இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் 'நேச்சர்' இதழில் இதை விளக்கின; இரண்டிலும் ஒரு ஹக்ஸ்லி இருந்தார், ஆனால் இருவரும் உறவினர் அல்லர். பற்றிய பிடியை விடுவதற்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும் என்பதுதான் இதில் வியப்பு. அது தீர்ந்துபோவதால்தான் இறந்த உடல் விறைக்கிறது.

ஓடவும் தாவவும் காஸ்ட்ராக்னீமியஸ். பார்வைக்கு எடுப்பானதும் அதுவே. ஆனால் நாள் முழுக்க மனிதரை நிற்கவைப்பது சோலியஸ்தான். மெதுவாகச் சுருங்கி எளிதில் களைக்காத நார்களே அதில் மிகுதி. சுருங்கும்போதெல்லாம் காலில் தேங்கும் ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுவதும் அதன் வேலை. நெடுந்தூரப் பேருந்துப் பயணத்தில் உட்கார்ந்தபடியே குதிகாலை அவ்வப்போது தூக்கி இறக்கினால் கால் வீக்கம் குறையும்.