இரண்டாவது தாவல்

நாட்டியக்காரன் எல்லை தாண்டி ஓடுவது சினிமாவுக்கென்றே அமைந்த கதை. விமான நிலையம், உளவுப் போலீஸ், நடுவில் சில அடி தூரம், அப்புறம் மேற்கு. 1961 ஜூன் 16 அன்று பாரீஸின் லெ பூர்ஜே விமான நிலையத்தில் ருடால்ஃப் நூரயேவ் அப்படித்தான் தன் குழுவிலிருந்து பிரிந்து போனார். ரால்ஃப் ஃபைன்ஸ் 2018-ல் அதை ‘த வைட் க்ரோ’ என்று படமாக எடுத்தபோது, கதை முழுவதும் அந்தச் சில நிமிஷங்களை நோக்கியே சரிகிறது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் இந்த மனிதன் எதற்காக ஓடினான் என்று கேட்டால் ‘சுதந்திரம்’ என்ற ஒற்றைச் சொல்தான் கையில் மிஞ்சுகிறது. அது ஒரு அணு விஞ்ஞானிக்கும் பொருந்தும், சதுரங்க ஆட்டக்காரனுக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்துகிற காரணம் ஒரு கலைஞனைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பது என் கட்சி.

இந்த விஷயத்தில் மிகயில் பரிஷ்னிகோவ் எனக்கு நூரயேவைவிட முக்கியமாகப் படுகிறார். 1948-ல் ரீகாவில் பிறந்தவர். லெனின்கிராடின் வகானவா பள்ளியில் அலெக்ஸாந்தர் புஷ்கினிடம் பயின்றவர். நூரயேவுக்கும் அவரேதான் குரு. 1967-ல் கிரோவ் குழுவில் சேர்ந்தார். 1974 ஜூன் 29 இரவு, டொரான்டோவில் ஆட்டம் முடிந்து வெளியே வந்தவர், வாசலில் காத்திருந்த ரசிகர்களைத் தாண்டி ஓடி, தள்ளி நின்றிருந்த காரில் ஏறிவிட்டார். வயது 26. பாலே ஆடுகிற உடம்புக்கு அதற்குமேல் பத்துப் பன்னிரண்டு வருஷந்தான் கெடு. ஊரில் தகப்பனார். திரும்பும் வழி கிடையாது. ஆபத்து என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அவர் எதுவும் கிடைக்காமல் ஓடியவர் அல்ல. கிரோவின் முன்னணி ஆட்டக்காரர், பரிசுகள் பெற்றவர். கிடைக்காதது புதிய ஆக்கம். கிரோவ் பத்தொன்பதாம் நூற்றாண்டை அற்புதமாகப் பாதுகாத்து வந்தது, பாதுகாப்பதே அதன் தொழிலாகவும் ஆகியிருந்தது. அதே பள்ளியில் படித்து 1924-ல் தன் இருபதாவது வயதில் வெளியேறிய ஜார்ஜ் பாலன்சீன், நியூயார்க்கில் அந்தப் பழைய இலக்கணத்தையே வேறொரு மொழியாக்கிவிட்டிருந்தார். அவருடைய குழு 1962-லும் 1972-லும் ஸோவியத் நாட்டில் சுற்றுப்பயணம் செய்து, இந்த மண்ணில் வேர்விட்டது எப்படி வளர்ந்திருக்கிறது என்று காட்டிவிட்டும் போனது. தான் போனது அரசியலுக்காக அல்ல, கலைக்காக என்று பரிஷ்னிகோவ் சொல்லிவந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1985-ல் வந்த ‘வைட் நைட்ஸ்’ படத்தில் அவரே நடித்தார். டெய்லர் ஹாக்ஃபோர்ட் டைரக்ஷன். தப்பிப்போன ருஷ்ய நாட்டியக்காரன் ஒருவன் பயணம் செய்யும் விமானம் சைபீரியாவில் விழுகிறது. மீண்டும் அவர்கள் கையில் சிக்கிவிடுகிறான். கதை அபத்தம். ஆனாலும் இரண்டு இடங்களுக்காக நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒன்று, காலியான கிரோவ் மேடையில் (மேடை லெனின்கிராடில் இல்லை, அது வேறு விஷயம்) பழைய காதலிக்கு முன்னால், வைஸோட்ஸ்கியின் கரகரத்த குரலுக்கு ஆடுவது. ஏன் போனேன் என்பதை வசனத்தால் சொல்ல முடியாமல் ஆடிக் காட்டுகிறான். அவள் அழுகிறாள், நாமும் கலங்குகிறோம். ஆனால் கவனித்தால், வேதனை அந்தக் குரலில் இருக்கிறது. உடம்பு அதற்குச் சித்திரம் போட்டுக்கொண்டிருக்கிறது. குரலை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பாதி காணாமல் போய்விட்டது.

மற்றது, பந்தயம். 11 ரூபிளுக்கு 11 சுழற்சி. கிரெகரி ஹைன்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, ஒற்றைக் காலில் ஒரே மூச்சில் சுழன்று முடிக்கிறார். இதில் ஆன்மா, தாகம் ஒன்றும் கிடையாது. வெறும் வித்தை. ஆனாலும் படத்தில் மிக நேர்மையான இடம் இதுதான். ஓடிவந்தபோது அவர் கொண்டுவந்த சொத்து இது. மேற்கு கைதட்டி வரவேற்றதும் இதைத்தான். இதை வைத்துக்கொண்டே சாகும்வரை பிழைத்திருக்கலாம்.

1978-ல் செய்த காரியத்தை இங்கேதான் சொல்ல வேண்டும். எந்தப் படமும் அதைத் தொடவில்லை, தொடவும் முடியாது. அதில் ஓட்டமில்லை, போலீஸ் இல்லை. அமெரிக்கன் பாலே தியேட்டரில் அவர் உச்ச நட்சத்திரம். ட்வைலா தார்ப் 1976-ல் ‘புஷ் கம்ஸ் டு ஷவ்’ நடனத்தில் அவரது நிமிர்ந்த ருஷ்ய முதுகைக் கூனவைத்து, தொப்பியைக் கையில் கொடுத்து, அச்சிலிருந்து சாய்த்துவிட்டிருந்தார். அந்த வெற்றியோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நட்சத்திரங்களே கிடையாது, பெயர்கள் அகர வரிசையில்தான் வரும் என்று இருந்த பாலன்சீனின் நியூயார்க் சிட்டி பாலேயில், மிகக் குறைந்த சம்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வயது 30. பாலன்சீனுக்கு 74, இதய நோயாளி.

இழப்பு பணம் மட்டுமல்ல. ருஷ்யப் பயிற்சியில் பெரிய தாவலுக்கு முன்னால் ஓர் ஆயத்தம் உண்டு: உடம்பு தன்னைச் சேகரித்துக்கொள்கிறது, பார்வையாளன் மூச்சைப் பிடிக்கிறான், பிறகு மேலே, அந்தரத்தில் ஒரு கணம். பாலன்சீன் அந்த ஆயத்தத்தை அரித்தெடுத்துவிட்டார். ஒரு அசைவு முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது, தாளம் பாதத்துக்குள் ஓடுகிறது. அதில் சிறுவயது முதல் ஊறிய இளம் பிள்ளைகளுக்கு நடுவில், உலகம் புகழ்ந்த ஆட்டக்காரன் தாமதமாக வந்த மாணவன் மாதிரி நிற்க வேண்டும். கை பழகிய பாணியில் பெயர் வாங்கிய பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, இளையவன் சரளமாகச் செய்வதைத் தடுமாறிச் செய்யச் சம்மதிக்கிற எழுத்தாளர்கள் நம்மில் எத்தனை பேர்? (கணக்கெடுக்க வேண்டாம், சண்டை வரும்.) டொரான்டோவில் ஓடியவனுக்குப் பின்னால் ஒரு அரசு இருந்தது, ஓட்டத்துக்கு அது நியாயம் தந்தது. இங்கே துரத்துவோர் யாருமில்லை. இதைத்தான் நான் ஆபத்து என்கிறேன்.

பலன் என்ன? பாலன்சீன் அவருக்கென்று ஒரு புது நடனம்கூட அமைக்கவில்லை. ஜெரோம் ராபின்ஸ் 1979-ல் ஒன்று அமைத்தார். அந்த வருஷக் கடைசியில் பரிஷ்னிகோவ் வெளியேறி, 1980-ல் பழைய குழுவுக்கே இயக்குநராகத் திரும்பினார். பரிசோதனை தோற்றது என்பவர்கள் உண்டு. மேடையில் பார்த்தவர்களோடு வாதாட எனக்குத் தகுதியில்லை. நான் பார்த்தது பதிவுகளை மட்டும். ஆனால் 1978-ல் தொலைக்காட்சிக்காகப் பதிவான ‘ப்ராடிகல் சன்’ இருக்கிறது. 1929-ல் பாலன்சீன் அமைத்தது. வீட்டை விட்டுப் போய், எல்லாம் இழந்து திரும்புகிற மகனின் கதை. கடைசியில் முழங்காலில் தவழ்ந்து வருகிறான். தகப்பன் அசைவதில்லை. மகன் அவர் உடம்பைப் பற்றி ஏறிக் குழந்தைபோல் கைகளுக்குள் சுருண்டுகொள்கிறான். ஊர் திரும்ப முடியாதவர் இதை ஆடுகிறார் என்பது தெரிந்தே பார்க்கிறோம். அவரோ அந்தத் தெரிதலைச் சுரண்டவில்லை. முகத்தில் ஒன்றும் எழுதவில்லை. தரையில் இழுபடுகிற எடை மட்டும் இருக்கிறது. வைஸோட்ஸ்கி பாட்டில் கிடைக்காதது இதில் கிடைக்கிறது. பாலன்சீனிடம் போகாமல் இது கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1979-ல் ‘அப்பல்லோ’வையும் பரிஷ்னிகோவ் ஆடினார். 1928-ல் அமைந்த நடனம்: இளம் தேவன் பிறக்கிறான், மூன்று கலைத்தேவியரோடு ஆடக் கற்கிறான், கடைசியில் பர்னாஸஸ் மலையேறுகிறான். இந்தத் தடவை பாலன்சீன் பிறப்புக் காட்சியை வெட்டினார், மலையேற்றத்தையும் வெட்டினார். எதிர்ப்பு வந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. நடுவில் உள்ள கற்றலை மட்டும் அவன் ஆடினான், பிறகு திரை விழுந்தது.