ஒரே காலத்து நாவல்களை ஒப்பிடச் சொல்லும்போது

இளங்கலை ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் அமெரிக்க இலக்கியம் என்ற தாளை எழுதாமல் பட்டம் வாங்குவதில்லை. அந்தத் தாளில் வழிவழியாக வரும் வினா ஒன்று உண்டு: ஒரே காலத்தைச் சேர்ந்த இரண்டு நாவல்களை ஒப்பிட்டு எழுதுக. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925இல் வந்தது. எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘தி சன் ஆல்ஸோ ரைசஸ்’ 1926இல் வந்தது. இவற்றை இரண்டு பத்திகளாகக் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று எழுதிவந்த விடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கிரிவலப் பாதையின் மேற்குப் பக்கம், அடி அண்ணாமலையில் இருக்கும் என் வீட்டுத் திண்ணைக்கு மாலை நேரத்தில் வரும் மாணவர்களில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். செங்கம், தண்டராம்பட்டு பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பயிற்சி என்ன தருகிறது, எதை மறைக்கிறது என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அதன் பலம். ஒப்பீடு என்றாலே நமக்குப் பட்டிமன்றம்தான் நினைவுக்கு வரும். யார் பெரியவர், எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமரோடும் மில்டனோடும் வைத்துப் பார்த்தது பெரிய காரியம். உலக இலக்கியத்தின் அவையில் கம்பனுக்கு இடம் கேட்ட குரல் அது. ஆனால் நூற்றாண்டுகளைத் தாண்டிய ஒப்பீடு எளிதில் புகழ்ச்சிப் போட்டியாகச் சரிந்துவிடும். ஒரே காலத்துப் படைப்புகளை எடுத்துக்கொண்டால் அந்தச் சரிவு குறைகிறது. போர் ஒன்று, பணவீக்கம் ஒன்று, மதுவிலக்குச் சட்டம் ஒன்று. பின்புலம் பொதுவாக இருப்பதால், வேறுபடுவது எதுவோ அது எழுத்தாளரின் கைவேலை என்று மாணவர் கண்டுகொள்ள வழி பிறக்கிறது. ‘ஒப்பியல் இலக்கியம்’ நூலை 1969இலேயே கைலாசபதி எழுதிவிட்டார். சமூக அடிப்படையை வைத்து ஒப்பிடும் பார்வை தமிழுக்குப் புதிதல்ல.

ஃபிட்ஸ்ஜெரால்டும் ஹெமிங்வேயும் இதற்கு ஏற்ற இணைதான். இருவரும் 1925இல் பாரிஸில் சந்தித்தார்கள். இருவருக்கும் ஒரே பதிப்பகம், ஸ்க்ரிப்னர்ஸ். ஒரே பதிப்பாசிரியர், மாக்ஸ்வெல் பெர்கின்ஸ். ஹெமிங்வேயின் நாவலைக் கையெழுத்துப் படியில் படித்த ஃபிட்ஸ்ஜெரால்டு தொடக்கம் வளவளவென்று இருப்பதாகச் சொல்ல, ஹெமிங்வே முதல் பகுதியையே வெட்டி எறிந்தார். இவ்வளவு நெருங்கியிருந்தவர்கள் எழுதியதில் எவ்வளவு தூரம்! கேட்ஸ்பியின் கதையை நிக் சொல்கிறான். அவன் பக்கத்து வீட்டுக்காரன், வேடிக்கை பார்க்கிறவன், பாதி மயங்கியவன். ஹெமிங்வேயில் ஜேக் தன் கதையைத் தானே சொல்கிறான். போரில் பட்ட காயம் அவன் வாழ்க்கையையே முடக்கிப் போட்டிருக்கிறது, அதைப் பற்றி அவன் பேசுவதோ மிகக் குறைவு. ஒருவர் சொல்லிச் சொல்லி மயக்குகிறார், மற்றவர் சொல்லாமல் விட்டு வலிக்கவைக்கிறார். இதை ஒரு மாணவி தானாகக் கண்டுபிடித்தால் அந்த ஒரு மாலை போதும், இலக்கியம் படித்ததற்கு.

எங்கள் ஊரை ஒட்டி மூன்றாவது புத்தகம் ஒன்றையும் சேர்த்துக்கொள்வேன். சாமர்செட் மாம் 1938இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் பார்த்தவர். அவர் 1944இல் வெளியிட்ட ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலின் நாயகன் லாரி ஓர் அமெரிக்கன், முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவன். நிக்கும் கேட்ஸ்பியும் ஜேக்கும் கண்ட அதே போர். ஊர் திரும்பிய நிக் கடன் பத்திரத் தொழில் கற்க நியூயார்க்குக்குப் போகிறான். அதே வகை வேலை சிகாகோவில் லாரியைத் தேடி வருகிறது, வேண்டாம் என்கிறான். அவன் பாரிஸ் போகிறான். நிச்சயித்த பெண் விலகிப்போகிறாள், கடைசியில் அவன் இந்தியா வருகிறான். மாம் ஆங்கிலேயர், ஆகவே அமெரிக்க இலக்கியத் தாளில் இந்த நாவலுக்கு இடமில்லை. இருந்தாலும் ஒப்பீட்டுக்கு அது தரும் வெளிச்சம் பெரிது. ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதும்போது 1929இன் பங்குச் சந்தைச் சரிவு வரவில்லை. மாம் எழுதும்போது அது வந்து போய்விட்டது, இரண்டாம் போரும் நடந்துகொண்டிருந்தது. கதை நடக்கும் காலம் ஏறத்தாழ ஒன்று, எழுதிய காலம் வேறு. மாம் தன் நாவலில் ரமணரின் ஆசிரமத்தைத் திருவிதாங்கூருக்கு மாற்றிவிட்டார் என்று சொல்லும்போது, கிரிவலப் பாதையிலேயே வளர்ந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். எழுத்தாளர் கண்ணால் கண்டதை எப்படி மாற்றிக் கதையாக்குகிறார் என்பதை அவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை.

இனி குறைகள். ‘காலம்’ என்ற சொல்லைப் பாடப்புத்தகங்கள் கையாளும் விதத்திலேயே முதல் கோளாறு தொடங்கிவிடுகிறது. எழுதிய ஆண்டும் கதை நடக்கும் ஆண்டும் ஒன்றாகக் குழம்பிப் போகின்றன. ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ வெளிவந்தது 1850இல், அதன் கதை நடப்பதோ 1640களின் பாஸ்டனில். மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ அமெரிக்காவில் 1885இல் வந்தது. அப்போது அடிமை முறை சட்டப்படி ஒழிந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. கதைக்குள் அது உயிரோடு இருக்கிறது. ஒழிந்துபோன கொடுமையை இருபது ஆண்டு கழித்து ஏன் எழுதினார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கைடு புத்தகங்கள் அதைக் கேட்பதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கோ ஆண்டு என்பது நான்கு விடைகளில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

இதைவிட ஆழமான கோளாறு, காலத்தையே காரணமாக்கிவிடுவது. அமெரிக்காவின் இருபதுகளுக்கும் போரைக் கண்ட தலைமுறைக்கும் வைத்த ‘ஜாஸ் யுகம்’, ‘தொலைந்த தலைமுறை’ என்ற இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டால், நாவலில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவையே விடையாகின்றன. கேட்ஸ்பி காதலித்த டெய்சி ஏன் அழுதாள்? ஜாஸ் யுகம். ஜேக் ஏன் குடிக்கிறான்? தொலைந்த தலைமுறை. இதையே நம் நாவல்களுக்குச் செய்துபார்க்கலாம். பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தது. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் வந்தது. இடைவெளி இரண்டே ஆண்டு. ஒன்றில் செருப்புத் தைக்கும் அழகிரியின் குடும்பம், மற்றொன்றில் எழுத்தாளர்களின் அறிவுலகச் சண்டைகள். இந்த இரண்டையும் வைத்து ‘எண்பதுகளின் தமிழ் மனநிலை’ என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதச் சொன்னால் மாணவரே சிரிப்பார். எந்த மனநிலை, யாருடைய மனநிலை என்று திருப்பிக் கேட்பார். அமெரிக்கா தூரத்தில் இருப்பதால் அந்தக் கேள்வி நமக்குத் தோன்றாமல் போகிறது.

யாருடைய காலம்? என் பார்வையில் இந்தப் பயிற்சியின் மிகப் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. ‘கிளாசிக்’ என்ற பட்டியலைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு, அதற்குள்ளேயே ஒப்பிடுகிறோம். அந்தப் பட்டியல் வானத்திலிருந்து விழவில்லை. கேட்ஸ்பியே வெளிவந்த காலத்தில் பெரிதாக விற்கவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டு 1940இல் இறந்தபோது அதைப் பேசுவார் இல்லை. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுத்த புத்தகங்களில் ஒன்றாக ஒன்றரை லட்சம் பிரதிகளுக்கு மேல் போன பிறகு, பேராசிரியர்களும் கையில் எடுத்த பிறகு, அது நாடறிந்ததாயிற்று. அதே இருபதுகளில், அதே நியூயார்க்கில், நெல்லா லார்சன் என்ற கறுப்பினப் பெண் 1929இல் ‘பாஸிங்’ என்ற சிறு நாவலை எழுதினார். நெடுங்காலம் அது அச்சில் இல்லை. 1986இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பு வந்த பிறகே வகுப்பறைகளில் பரவலாக நுழைந்தது.

இந்த இரண்டு நாவல்களிலும் ஒரு மேசை இருக்கிறது. கேட்ஸ்பியின் முதல் அத்தியாயத்தில் டெய்சியின் கணவன் டாம் புக்கானன் இரவு விருந்தின் நடுவே, வெள்ளையர் ஒதுங்கிப்போய் மற்ற நிறத்தவர் உலகை ஆளப்போகிறார்கள் என்று ஏதோ ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுப் பொருமுகிறான். லோத்ராப் ஸ்டோடார்டு 1920இல் எழுதிய நூலை மனத்தில் வைத்தே ஃபிட்ஸ்ஜெரால்டு அதை எழுதினார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நிக்குக்கு டாம்மீது ஒரு பரிதாபம் வருகிறது, அவ்வளவுதான். தொலைபேசி மணி அடிக்கிறது, கதை வேறு பக்கம் போய்விடுகிறது. ‘பாஸிங்’ நாவலில் அது தேநீர் மேசை. ஜான் பெல்லூ என்ற வெள்ளையன் கறுப்பரைத் தனக்கு அறவே பிடிக்காது என்கிறான். கறுப்பரை இழிவுசெய்யும் சொல்லைச் சுருக்கி மனைவிக்குச் செல்லப்பெயராக வைத்திருக்கிறான், நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வருகிறாள் என்று கேலிக்காக. அவன் மனைவி கிளேர் கறுப்பினத்தவள். உடன் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களும் அப்படியே. மூன்று பேருக்கும் வெளுத்த தோல். அவனுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் சிரிக்கிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள். டாமும் பெல்லூவும் பேசுவது ஒரே பேச்சு. அந்தப் பேச்சின் எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மாறியதும் நாவலே மாறிவிடுகிறது.

கேட்ஸ்பியும் கிளேரும் பிறப்பை மறைத்தவர்கள்தாம். ஜேம்ஸ் காட்ஸ் என்ற ஏழைக் குடியானவன் மகன் பதினேழு வயதில் பெயரை மாற்றிக்கொண்டு மாளிகை வரை போகிறான். அவன் பொய் வெளிப்பட்டால் அவமானம், காதல் தோல்வி. கிளேரின் பொய் வெளிப்பட்டால் வீடு, மகள், உயிர் எல்லாமே ஆபத்தில். இதைச் சொல்லும்போது திண்ணையில் ஓர் அமைதி வருகிறது. வேலைக்காகச் சென்னைக்குப் போய் வாடகைக்கு அறை தேடியவர்களுக்கு, ‘எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு’ என்ற கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று தெரியும். கேட்ஸ்பி வீட்டு விருந்தை நான் விரித்து விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளேர் வாய்மூடி உட்கார்ந்திருப்பது அவர்களுக்குச் சொல்லாமலே புரிகிறது.

இன்னொரு செய்தியையும் அப்போது சொல்வேன். 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பகத் சிங் திண்ட் என்ற சீக்கியரின் வழக்கில், இந்தியர்கள் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர் அல்லர், குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர் என்று தீர்ப்பளித்தது. கேட்ஸ்பி வருவதற்கு இரண்டே ஆண்டு முன்பு. ‘ஜாஸ் யுகம்’ என்ற தலைப்பின் கீழ் இந்தத் தீர்ப்பையும் எழுதிக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பருவத்தேர்வு முறையில் ஒரு தாளுக்கு ஐந்து அலகு. கவிதை, நாடகம், உரைநடை எல்லாம் முடித்து நாவலுக்கு வரும்போது ஆசிரியர் கையில் மிஞ்சுவது சில வாரங்கள். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஃபிட்ஸ்ஜெரால்டின் ஒரு வாக்கியமே மலையாக நிற்கிறது. அவருக்கு அந்த இரண்டு பத்திக் கோடு ஒரு பிடிமானம். அதைப் பிடித்துத்தான் தேர்ச்சி பெறுகிறார், அவர் குடும்பத்தில் ஒரு பட்டதாரி வருகிறார். அதை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது. பட்டியலை நீட்டிக்கொண்டே போனால் சுமை கூடும் என்று ஆசிரியர்கள் சொல்வதும் உண்மைதான்.

ஆகவே பட்டியலை நீட்ட வேண்டாம், வெட்டலாம். இரண்டு முழு நாவல்களைக் கைடில் படிப்பதைவிட, அந்த இரண்டு மேசைக் காட்சிகளை மூலத்தில் வரிவரியாகப் படிப்பது மேல். நாவலாகவே படிக்க விரும்புகிறவருக்கும் கேட்ஸ்பி ஐம்பதாயிரம் ஆங்கிலச் சொற்களைத் தாண்டாது, ‘பாஸிங்’ அதைவிடச் சிறியது. காசும் தடையில்லை. எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டுகள் கழிந்தால் இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை முடிகிறது. ஃபிட்ஸ்ஜெரால்டு மறைந்தது 1940இல், ஹெமிங்வே 1961இல், லார்சன் 1964இல். மூன்று நாவல்களையும் இன்று கைப்பேசியில் இலவசமாகப் படிக்கலாம், சட்டத்தை மீறாமல்.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களையும் வினாத்தாள் எடுப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பிடுக என்ற வினாவை எடுத்துவிடாதீர்கள், அது நல்ல வினா. அதன் கீழ் ‘ஜாஸ் யுகத்தை முன்வைத்து’ என்று எழுதுவதற்குப் பதில், இரண்டு நாவல்களிலிருந்தும் ஒரு பக்கத்தை வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கொடுங்கள். இந்தப் பேச்சை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார், கதையை யார் சொல்கிறார், மேசையில் யாருக்கு இடமில்லை என்று கேளுங்கள். அடுத்த பருவத்தின் ஒரு வினாத்தாளிலாவது இதைச் செய்துபாருங்கள்.