மாற்று வடிவமும் மறைந்த சொல்லும்: வான் வில்லியம்சின் நரம்பிசை ஆக்கம்

ஆங்கில இசையமைப்பாளர் ரேஃப் வான் வில்லியம்ஸ் நரம்பிசைக் குழுவுக்கும் ஹார்ப்புக்கும் எழுதியது 'டைவீஸும் லாசரஸும்: ஐந்து மாற்று வடிவங்கள்'. ஒரு மெட்டை நிறுவி அதனைப் படிப்படியாக அணிசெய்யும் மேலைமரபுக்கு இது உரியதன்று. 'மாற்று வடிவம்' நாட்டார் வழக்காற்றியலின் கலைச்சொல். பாடுநர்தோறும் மாறும் வடிவங்களுள் எதனையும் மூலமென முன்னிறுத்தாதது. 1903 முதல் 800க்கும் மேற்பட்ட பாடல்களைத் திரட்டியவர் இச்சொல்லைத் தெரிந்தே ஆண்டார். இவை மரபு மெட்டுகளின் நேர்ப்படிகள் அல்ல, தாமும் பிறரும் சேகரித்தவற்றின் நினைவுகளே என அவரே குறித்துள்ளார். ஆக, அவர் தொகுப்பாளராக நில்லாது பாடுநர் வரிசையில் மேலும் ஒருவராகிறார். இத்துணிவு பாராட்டத்தக்கது.

ஆயின் சொல் என்னவாயிற்று? பாடலோ லூக்கா நற்செய்தியின் உவமையைத் தழுவியது: வாயிலில் இரந்த ஏழைக்குச் செல்வன் உணவு மறுக்கிறான், நாய்களை ஏவுகிறான், நரகடைகிறான். பிரிட்டிஷ் கவுன்சில் வேண்ட, நியூயார்க் உலகக் கண்காட்சியையொட்டி 1939 ஜூனில் கார்னகி அரங்கில் ஏட்ரியன் போல்ட் நடத்திய முதல் நிகழ்வில் ஒலித்தது கண்ணியமான கனிவு மட்டுமே. செறிந்த பல்குரல் இணைப்பில் பசியின் கூர்மை மழுங்கிவிடுகிறது.

இம்மெட்டு எச்சொல்லுக்கும் கட்டுப்பட்டதன்று என மறுக்கலாம். 1906ஆம் ஆண்டின் 'இங்கிலீஷ் ஹிம்னல்' தொகுப்பில் இதன் உறவுமெட்டு 'கிங்ஸ்ஃபோல்ட்' என்னும் பெயரில் துதிப்பாடலாயிற்று. அயர்லாந்தில் காதற்பாடலாகவும் வழங்குகிறது. மறுப்பு வலுவுடையதே. எனினும் சொல்லை நீக்கியவர் தலைப்பில் லாசரஸின் பெயரை விடவில்லை. அப்பெயர் கேட்போரிடம் எழுப்பும் எதிர்பார்ப்பை ஐந்து வடிவங்களுள் ஒன்றும் நிறைவேற்றவில்லை.