தண்ணீரும் ஒரு முகமும்

சந்தோஷ் சிவன் 1998இல் தமிழில் எடுத்த 'தி டெரரிஸ்ட்' படத்தை அருப்புக்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டில், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தினூடே, இரண்டாம் முறையாகப் பார்த்தேன். முதல் தடவை ஏற்பட்ட பிரமிப்பு இம்முறை ஏற்படவில்லை. ஏன் என்று யோசித்ததன் விளைவு இக்குறிப்பு.

கதை சிறியது. பெயர் சொல்லப்படாத ஒரு போர், பெயர் சொல்லப்படாத ஓர் இயக்கம். மல்லிக்குப் பத்தொன்பது வயது. சகோதரனைப் போருக்குக் கொடுத்தவள். மாலையிடும் சாக்கில் ஒரு தலைவரை நெருங்கி, தன்னோடு சேர்த்து அவரையும் அழிக்கத் தேர்ந்தெடுக்கப்படுகிறாள். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர், பார்ப்பவன் மனதில் தானாகவே வந்து நிற்கும். குறித்த நாளுக்காகக் காத்திருக்கையில் தான் கருவுற்றிருப்பது அவளுக்குத் தெரிகிறது. காயம்பட்ட ஒரு போராளியோடு கழித்த இரவு துண்டு துண்டாக நினைவில் எழுகிறது. கடைசியில் விரல் பொத்தானருகே தயங்குகிறது. படம் முடிந்துவிடுகிறது.

ஆயிஷா தார்க்கரின் முகத்தை நம்பியே முழுப் படமும் நிற்கிறது. வசனம் சொற்பம். மூச்சும் கண்ணும் பேசுகின்றன. காதல் என்ற வார்த்தையே அந்தப் பெண்ணுக்குக் கற்றுத் தரப்படவில்லை; நடந்தது காதல்தான் என்பது அவளுக்குப் பிந்தித் தெரியவருகிறது. இளம் பருவத்தின் உண்மை இது. அனுபவம் முதலில் வருகிறது, அதற்கான பெயர் வெகுநாள் கழித்து வருகிறது. இதைச் சந்தோஷ் சிவன் பாட்டில்லாமல், தோழி இல்லாமல், கடிதம் இல்லாமல் காட்டியிருப்பது நம் சினிமாவில் சின்ன காரியம் அல்ல.

ஆனால் படம் முழுக்கத் தண்ணீர். மழை, ஆறு, இலையில் சொட்டும் துளி, ஈரமான கன்னம். குண்டாற்றில் மணலையே பெரும்பாலும் பார்த்துப் பழகிய திருச்சுழிக்காரனுக்கு இது முதலில் ஒரு மயக்கம்தான். எங்களோடு பார்த்தவர்களில் ஒரு பெண் மன்னார்ப் பக்கம் பிறந்தவள். 1990இல் சிறுமியாகப் படகேறி வந்து, இங்கே குல்லூர்சந்தை முகாமில் வளர்ந்தவள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்: "மழை எண்டால் எங்களுக்குப் பங்கருக்குள்ள தண்ணி நிக்கும் அண்ணா. அவ்வளவுதான்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது விமர்சனமாகப் பட்டது.

தார்க்கோவ்ஸ்கியின் 'இவானின் குழந்தைப் பருவம்' (1962) படத்திலும் நீர் நிறைய உண்டு. பன்னிரண்டு வயது இவானின் கனவில் கிணறும் மழையும் கடற்கரையும் ஒளியோடு வருகின்றன. விழித்தால் அதே நீர் கரிய சதுப்பாகக் கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் அவன் வேவு பார்க்கப் போக வேண்டும். அந்தப் படத்திலும் ஒரு காதல் கணம் வருகிறது. பிர்ச் மரங்களுக்கு நடுவே ஓர் அதிகாரி மாஷாவைப் பதுங்குகுழியின் மேலாகத் தூக்கிப் பிடித்து முத்தமிடுகிறான். அவள் கால்கள் அந்தரத்தில் இருக்கின்றன. முத்தத்துக்குக் கீழே குழி இருப்பதை நாம் ஒரு கணமும் மறப்பதில்லை. சந்தோஷ் சிவனிடம் குழி மறைந்துவிடுகிறது. துரோகி என்று முத்திரை குத்தப்பட்டவனைக் கொல்லும் காட்சிக்கும் அந்த இரவுக்கும் ஒரே அழகு, ஒரே ஈரம். ஒளிப்பதிவாளர் இயக்குநரை வென்றுவிட்ட இடம் இது.

இதைவிட முக்கியமான குறை ஒன்று எனக்குப் படுகிறது. மல்லியைத் தயங்க வைப்பது எது? அவள் வயிற்றிலுள்ள கரு. கொல்லலாமா, சாகலாமா என்று அவள் யோசித்து ஒரு முடிவுக்கு வர வழியே வைக்கப்படவில்லை. தாய்மை குறுக்கே வந்து நிறுத்துகிறது. எத்தனை முறை நம் சினிமா பெண்ணின் பிரச்னையை இப்படித் தீர்த்திருக்கிறது! உடம்பும் ஒருவகை அறிவுதான் என்று யாராவது வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவுறாத மல்லி என்ன செய்திருப்பாள்? பொத்தானை அழுத்தியிருப்பாள் என்பதே படத்தின் தர்க்கம். அப்படியானால் அவள் தன்னைக் கண்டுகொண்டாள் என்று எப்படிச் சொல்வது?

பதின்வயதுக்கு அவ்வளவு யோசனை ஏது என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு. 1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் 1896இல், பதினாறு வயதில், மதுரையில் ஒரு மாடியறையில் பிணம்போலப் படுத்து, சாவது எது என்று தன்னையே விசாரித்துக்கொண்டான். பின்னால் அவர் ரமணர் ஆனது வேறு விஷயம். அதற்குள் நான் போகவில்லை. ஒரு பையன் தன் சாவை ஒத்திகை பார்த்து அதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு எழுந்தான் என்பதே எனக்கு வேண்டியது. மல்லியும் தன் சாவை ஒத்திகை பார்க்கிறாள். அவளுக்கு அந்தக் கேள்வி அனுமதிக்கப்படவில்லை.

கேள்விக்கான இடம் படத்திலேயே இருந்தது. அவள் தங்கும் வீட்டுக் கிழவர் வாசு ஓயாமல் பேசுகிறார். அவர் மனைவி ஏழாண்டாக நினைவின்றிப் படுத்திருக்கிறாள். அவளோடு அவர் வாழ்ந்துகொண்டே இருக்கிறார். சாவுக்குத் தயாராக வந்தவள் சாகவிட மறுக்கும் ஒருவரைத் தினமும் பார்க்கிறாள். அங்கிருந்தே அவள் தயக்கம் பிறந்திருக்கலாம். அருகே போய்விட்டுப் படம் திரும்பிவிடுகிறது.

இருந்தும் நான் மூன்றாம் முறை பார்ப்பேன். கண்ணிவெடிக் காட்டில் மல்லிக்கு வழிகாட்டும் சிறுவன் லோட்டஸுக்காக. அவன் கூட்டிப்போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்தவருக்குக் கால் வைக்கும் இடத்தைக் காட்டுகிறான். போருக்குள் வளர்வது என்றால் என்ன என்பதை அவன் நடையில் கண்டேன். அங்கே காமிராவுக்கு அழகைத் தேட நேரமில்லை.